பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

பழைய கார் ஒன்று சாலையோரம் நின்றுவிட்டால், சற்று நேரத்தில் அதைச் சுற்றி நான்கு நிபுணர்களாவது கூடிவிடுவார்கள். மதுரைப் பக்கம் இது இன்னும் கொஞ்சம் விரைவாகவே நடக்கும். டீக்கடையிலிருந்து ஒருவர், ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய ஒருவர், ஒரு காலத்தில் அம்பாசடர் டாக்சி ஓட்டிய பெரியவர் ஒருவர், எதையுமே ஓட்டியிராத இளைஞர் ஒருவர். ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராதவர்கள். ஆனால் தீர்ப்பு மட்டும் ஒன்றாகவே இருக்கும்: “கார்புரேட்டரில் தூசி அடைத்திருக்கிறது. கழற்றி ஊதினால் சரியாகிவிடும்.” பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்தான் கார்புரேட்டர்.

கழற்றி ஊதினால் சில சமயம் சரியாகியும் விடுகிறது. வம்பே அதில்தான் இருக்கிறது. ஊதி மாட்டுவதற்கு ஆகும் அரை மணி நேரத்தில் என்ஜின் சூடு ஆறுகிறது. டேங்குக்குள் கிளம்பிய துரு அடியில் படிகிறது. உறிஞ்சலில் ஒட்டிக்கொண்டிருந்த ரப்பர் குழாய் விரிந்து பழைய நிலைக்கு வருகிறது. வண்டி கிளம்பியதும் பெருமை முழுவதும் ஊதியவருக்குப் போய்ச் சேர்கிறது. பழுதோ டிக்கிக்குக் கீழே பத்திரமாக உட்கார்ந்துகொண்டு அடுத்த ஊருக்கும் கூடவே வருகிறது.

பழைய காரில் பெட்ரோல் வரத்துக் கோளாறு என்றால், பெரும்பாலும் அது கார்புரேட்டருக்கு முன்பே எங்கோ பிறந்துவிட்டது என்பது என் கட்சி. கார்புரேட்டர் அதை வெளியே காட்டும் இடம், அவ்வளவுதான். டேங்கில் தொடங்கி முன்னோக்கி வருகிறவர்கள் பழுதைப் பிடித்துவிடுகிறார்கள். பானெட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவதைக் கழற்றுகிறவர்கள் மாதக்கணக்கில் கழற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

என்னிடம் இருப்பது 1970ஆம் ஆண்டின் ஃபியட் 1100 டி. பெரியப்பா வாங்கியது. அவருக்குப் பின் அண்ணன் கைக்குப் போய், அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது பசுமலையில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தது. இந்த மாதிரியை பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பம்பாயில் 1964இல் தயாரிக்கத் தொடங்கியது. எழுபதுகளில் இதுவே பெயர் மாறி பிரீமியர் பத்மினி ஆனது. பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்சியாக நாடே பார்த்த வண்டி. நான்கு சிலிண்டர், 1089 சி.சி., கியர் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழேயே இருக்கும். சென்சாரும் இல்லை, கணினியும் இல்லை. பழுது என்று வந்தால் கண், காது, மூக்கு இந்த மூன்றும்தான் கருவி.

ஐம்பது வயதைக் கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வாகனங்களுக்கென்று 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி எண் தருகிறார்கள். வாங்கி மாட்டினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மாட்டிய பிறகு கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே வண்டியைச் சாலையில் இறக்கலாம். தேனியில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போவது அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நான் வாங்கவில்லை.

கோளாறு தலைகாட்டியதும் அந்தத் தேனிச் சாலையில்தான். நாகமலை, செக்கானூரணி, உசிலம்பட்டி வரை சாலை பெரிதாக ஏறி இறங்குவதில்லை. காரும் குறை சொல்ல முடியாதபடி ஓடும். உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றம் தொடங்கியதும்தான் விஷயம் ஆரம்பம். முதல் ஓரிரு நிமிடம் நன்றாக ஏறும். பிறகு இழுவை குறையும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் மோசமாகும். கார்புரேட்டர் வழியாகத் திருப்பி அடிக்கும் சத்தம் கேட்கும். கடைசியில் நின்றுவிடும். சற்றுப் பொறுத்து ஸ்டார்ட்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் சுழற்றினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். மறுபடியும் அதே ஓரிரு நிமிடம்.

அந்த ஓரிரு நிமிடத்தைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ஒரு சின்னக் கணக்கு போட்டால் அதன் அருமை தெரியும்.

இந்தக் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்துக்கு 5 லிட்டர் செலவு. நிமிடத்துக்கு 83 மில்லி. ஒரு சின்ன டம்ளர் காப்பிகூட இல்லை. சமவெளியில் அவ்வளவு குறைவாகத்தான் கேட்கிறது. அதே கார் ஏற்றத்தில் கியரைக் குறைத்து, மிதியை முழுக்க அழுத்திப் போகும்போது இதைப்போல் மூன்று மடங்கு கேட்கலாம். நிமிடத்துக்கு 250 மில்லி என்று கொள்வோம். ஆரோக்கியமான பம்ப் இதற்கு மேலும் எளிதாகக் கொடுக்கும். ஆனால் வழியில் எங்கோ சுருங்கி நிமிடத்துக்கு 200 மில்லிதான் வந்து சேர்கிறது என்றால்? உசிலம்பட்டி வரை உங்களுக்குத் தெரியவே தெரியாது; தேவையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வரக்கூடும். கணவாயில் நிமிடத்துக்கு 50 மில்லி பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறையை கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தில் இருக்கும் கையிருப்பு சமாளிக்கும். அதில் 50 மில்லி இருந்தால் சரியாக ஒரு நிமிடம். பிறகு கிண்ணம் காலி, கலவை மெலிகிறது, வண்டி முக்குகிறது. நின்ற பின் ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது செலவு மிகக் குறைவு என்பதால் பம்ப் கிண்ணத்தை மறுபடி நிரப்பிவிடுகிறது.

கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைக்கு மெயின் ஜெட் என்று பெயர். அதில் தூசி அடைத்திருந்தால் இப்படி நடக்காது. ஏற்றத்தில் மிதியை அழுத்திய முதல் நொடியிலேயே வண்டி திணறியிருக்கும். ஒரு நிமிடம் ஒழுங்காக ஏறிவிட்டுப் பிறகு திணறுகிறது என்றால் கிண்ணம் காலியாகிறது. கிண்ணம் காலியாகிறது என்றால் அதற்குப் பின்னால் வழி சரியில்லை. ஒரு ஸ்குரூகூடக் கழற்றாமல் இவ்வளவும் தெரிந்துவிடுகிறது. கிண்ணத்தின் வாசலில் இருக்கும் நீடில் வால்வு பாதியில் ஒட்டிக்கொண்டாலும் இதே தாமதம் வரும். அது ஒன்றுதான் விதிவிலக்கு.

இந்தக் கணக்கை நான் சொன்னபோது ஒரு பட்டறையில் சிரித்தார்கள். சிரித்துவிட்டு கார்புரேட்டரைக் கழற்றினார்கள். ஜெட்டின் துளையில் ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினார்கள். ஜெட்டைக் கம்பியால் குத்துவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். சோலக்ஸ் கார்புரேட்டரின் ஜெட்டில் பொறித்திருக்கும் எண் துளையின் விட்டத்தைக் குறிக்கிறது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். பித்தளை மென்மையான உலோகம், இரும்புக் கம்பியின் உரசலுக்கு அது தாங்காது. 1.20 என்பது 1.25 ஆகிவிட்டால் துளையின் பரப்பு எட்டரை சதவீதம் கூடிவிடும். அதன் பிறகு வண்டி ஏன் கறுப்புப் புகை விடுகிறது, ஏன் மைலேஜ் குறைந்தது என்று வேறொரு பட்டறையில் வேறொரு கதை தொடங்கும். ஜெட் அடைத்திருந்தால் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும்.

அங்கிருந்து வண்டியை மீட்டுக்கொண்டு செல்லூர்ப் பக்கம் ஷெட் வைத்திருக்கும் பாயிடம் போனேன். எழுபது வயதைத் தாண்டியவர். பெரியப்பா காலத்திலேயே இந்தக் காரைப் பார்த்தவர் என்பதால் என்னை விடக் காரிடம்தான் முதலில் நலம் விசாரித்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கரண்டா, பெட்ரோலா? முதலில் அதைப் பிரித்துக்கொள்வோம் தம்பி,” என்றார். “கரண்டு போனால் பட்டென்று போகும். பெட்ரோல் போனால் சொல்லிக்கொண்டு போகும்.”

ஸ்பார்க் தரும் மின் ஏற்பாட்டில் சூடேறினால் செத்துப்போகும் கண்டன்சரும், தேய்ந்த பாயிண்டும், பெட்ரோல் கோளாறு போலவே நடிக்கக்கூடியவை. ஆனால் ஸ்பார்க் நின்றால் இழுவை அந்தக் கணமே நிற்கும். பெட்ரோல் குறைந்தால் வண்டி மெல்ல மெல்லத் தளரும், இடையில் ஒரு முறை துள்ளும், மறுபடி தளரும். இன்னொரு எளிய சோதனையும் உண்டு. தளரத் தொடங்கும்போது சோக்கைப் பாதி இழுத்துப் பார்க்க வேண்டும். சோக் காற்றை அடைத்துக் கலவையைக் கெட்டிப்படுத்துகிறது. அப்போது வண்டிக்கு ஒரு மூச்சு உயிர் வந்தால், பெட்ரோல் போதவில்லை என்று பொருள். என் காருக்கு வந்தது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தபோது நுனி வெளிறிப்போயிருந்தது. கலவை மெலிந்து எரிந்ததற்கு அதுவும் ஒரு சாட்சி.

பிறகு பாய் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தார். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, அதன் முனையில் நீளமான ஹோஸ் மாட்டி, சூடான பாகங்களை விட்டு விலக்கிப் பாட்டிலுக்குள் விட்டார். கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோலிலேயே என்ஜின் சில நிமிடம் சும்மா ஓடும். அதற்குள் பம்ப் எவ்வளவு தள்ளுகிறது என்பதைப் பாட்டில் சொல்லிவிடும். பக்கத்தில் தீயணைப்பான் இருந்தது. ஷெட்டுக்கு வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒருவரை பாய் தெருவின் மறுகோடிக்கே அனுப்பிவைத்தார். இந்த வேலையில் அசட்டுத் துணிச்சலுக்கு இடமில்லை. பெட்ரோலைத் தண்ணீர் போலக் கையாளும் பட்டறைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் வண்டியைச் சாலைக்கு எதிர்ப்புறத்தில் நிறுத்திவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவேன்.

பாட்டிலில் பெட்ரோல் விழுந்தது. அளவு மோசமில்லை, பிரமாதமும் இல்லை. பாய் ஹோஸ் முனையைப் பெட்ரோலுக்குள் முக்கிப் பிடித்தார். வரிசையாகக் குமிழிகள் கிளம்பின. “பார்த்தீர்களா?” என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார்.

குமிழி என்றால் பம்ப் பெட்ரோலோடு காற்றையும் சேர்த்து இழுக்கிறது. டேங்க் பின்னால், பம்ப் முன்னால் என்ஜினில். என்ஜினோடு சுழலும் கேம்ஷாஃப்ட் தள்ளும் ஒரு நெம்பு, பம்புக்குள் இருக்கும் டயாபிரம் என்ற சவ்வைக் கீழே இழுக்கிறது. பெட்ரோல் உள்ளே வருகிறது. பிறகு ஒரு சுருள்வில் டயாபிரத்தை மேலே தள்ளுகிறது. பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகிறது. ஆகவே பம்புக்குப் பின்னால் இருக்கும் குழாய் முழுவதும் உறிஞ்சல், முன்னால் இருப்பது மட்டும்தான் தள்ளல். தள்ளும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் பெட்ரோல் வெளியே சொட்டும், மணக்கும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் ஒரு சொட்டுகூட வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். விரிசல் விட்ட உறிஞ்சுகுழலில் இளநீர் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தரையில் ஈரம் இல்லை, ஆகவே ஒழுகல் இல்லை என்று எத்தனை பேர் இந்தப் பக்கத்தைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள்!

காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க பாய் வழியைப் பாதியாகப் பிரித்தார். பம்பின் வாயில் ஒரு புது ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையைத் தரையில் வைத்த ஒரு பெட்ரோல் கேனில் விட்டார். டேங்கும் நீளக் குழாயும் இப்போது கணக்கில் இல்லை. மறுபடி பாட்டில், மறுபடி சோதனை. குமிழி நின்றது, பெட்ரோல் கொட்டியது. ஆக, பம்ப் நிரபராதி. கேனை ஏன் உயரத்தில் வைக்கவில்லை என்று கேட்டேன். உயரத்தில் வைத்தால் பெட்ரோல் தானே இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுகிறதா என்பது தெரியாமல் போய்விடும் என்றார். கூரைமேல் கேனைக் கட்டிக் குழாய் விட்டு ஊர் வந்து சேர்ந்த பழைய டிரைவர்களின் வீரக் கதைகள் ஏராளம். கேட்கச் சுவையானவை. நான் அந்த வண்டியில் ஏற மாட்டேன்.

காரின் அடிவயிற்றில் ஓடும் உலோகக் குழாய்க்குக் காற்றடித்துப் பார்த்ததில் அது நன்றாகவே இருந்தது. கடைசியாக, டேங்கின் வாயையும் இந்தக் குழாயையும் இணைக்கும் ஒரு முழ நீளம்கூட இல்லாத ரப்பர் துண்டு வெளியே வந்தது. மேலே பார்க்கப் பளபளப்பாக, புதிதாகவே இருந்தது. கத்தியால் நெடுக்காகக் கீறிப் பிரித்தபோது உள்தோல் உப்பி, உரிந்து, ஒரு பக்கம் நாக்கு போலத் தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக உறிஞ்சும்போது அந்த நாக்கு சும்மா கிடக்கும். கணவாயில் பலமாக உறிஞ்சும்போது எழுந்து வழியை மூடும். போதாக்குறைக்கு, யாரோ வேகத்தில் முறுக்கிய கிளிப் ரப்பரை வெட்டிவிட்டிருந்தது. காற்று அந்த வெட்டு வழியாகத்தான் போயிருக்கிறது. ஒரே துண்டில் இரண்டு நோய்.

இதற்குக் காரணம் ரப்பரின் வயது மட்டுமில்லை. பெட்ரோலே மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியோடு நாடு முழுவதும் நின்றது. இப்போது எத்தனால், கரும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கும் எரிசாராயம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் சில பெட்ரோல் பங்குகளில் அறிமுகமாகி, 2025இல் ஏறக்குறைய எல்லாப் பங்குகளுக்கும் வந்துவிட்டது. இந்தக் கார் பிறந்தபோது யாரும் கனவிலும் நினைக்காத திரவம் அது. அந்தக் காலத்து ரப்பரை உப்பச் செய்கிறது. கார்க் பேக்கிங்கைப் பதம் பார்க்கிறது. டேங்கில் பல வருடங்களாகப் படிந்து அமைதியாக இருந்த பிசினைக் கரைத்து முன்னோக்கி அனுப்புகிறது. ஈரத்தை வேறு உறிஞ்சுகிறது. மழைக்காலம் முழுவதும் ஓடாமல் நின்ற வண்டியில் அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் சேர்ந்தால், தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு தனியே பிரிந்து டேங்கின் அடிக்குப் போய்விடும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது.

எத்தனால் என்றாலே தலையில் அடித்துக்கொள்ளும் கூட்டத்தில் நான் இல்லை. கரும்புக்காரரும் பிழைக்க வேண்டும். பழைய வண்டியை வைத்துக்கொண்டால் அதற்கேற்ற ரப்பரை மாட்டுவது நம் பொறுப்பு. கடையில் போய் ‘பெட்ரோல் ஹோஸ்’ என்று மட்டும் கேட்டால் கைக்கு வந்ததைத் தருவார்கள். கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாயைக்கூட நீட்டுவார்கள், சில மாதங்களில் அது விறைத்து வெடித்துவிடும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற தரக் குறி ஹோஸின் மேலேயே அச்சிட்டிருப்பதைத் தேடி வாங்க வேண்டும். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கென்று வந்த ரகம், எத்தனாலுக்குத் தாங்கும். விலை கூடுதல்தான். ஆனால் இந்தக் காருக்கு மொத்தம் தேவைப்படும் நீளத்தைப் பார்த்தால் ஒரு குடும்பம் ஹோட்டலில் சாப்பிடும் செலவுக்குள் முடிந்துவிடும்.

ஹோஸை மாற்றியதோடு பாய் விடவில்லை. டேங்கின் மூடியைக் கழற்றி வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போயாக வேண்டும்; அதற்கான சிறு துளை மூடியில் இருக்கும். அது அடைபட்டாலோ, துளையில்லாத வேறு வண்டியின் மூடியை யாராவது மாட்டியிருந்தாலோ, உள்ளே வெற்றிடம் கூடி பம்ப் தோற்றுவிடும். வண்டி நின்றதும் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும். கேட்டால் அதுதான் நோய். காசு செலவில்லாத இந்தச் சோதனையைத்தான் நான் யாருக்கும் முதலில் சொல்வேன். என் மூடி நன்றாகவே இருந்தது.

டேங்க் அப்படியில்லை. ஹோஸைக் கழற்றியபோது வடிந்த பெட்ரோலில் காவி நிறப் பொடி மிதந்தது. டேங்கை இறக்கியாக வேண்டும் என்றார் பாய். உறிஞ்சுகுழாயின் வாயில் இருக்கும் வலையில் துருச் செதில்கள் வந்து அப்பிக்கொண்டாலும் வண்டி நிற்கும், உறிஞ்சல் நின்றதும் செதில் உதிர்ந்து மறுபடி கிளம்பும். ஆக இந்த நோயும் முந்தைய நோயின் குணத்தையே காட்டும். ஒன்றைச் சரிசெய்துவிட்டு இன்னொன்றை விட்டால் ஆறு மாதத்தில் கணவாயில் மறுபடி நிற்க வேண்டியதுதான்.

டேங்கைச் சுத்தம் செய்வதற்கு ஊருக்கு ஊர் வைத்தியம் இருக்கிறது. உள்ளே நட்டுகளையும் துண்டுச் சங்கிலியையும் போட்டுக் குலுக்குவது பழைய முறை. கை வலிக்கும், ஆனால் தடித்த செதில்கள் பெயர்ந்துவிடும். பிறகு மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றி ஓரிரவு வைத்தோம். சிட்ரிக் அமிலம் துருவைக் கரைக்கும், நல்ல இரும்பை அவசரமாகத் தின்னாது. காலையில் வடித்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, உடனே வெயிலிலும் காற்றுக் குழாயிலும் உலர்த்த வேண்டும். தாமதித்தால் கழுவிய இரும்பு கண்ணெதிரிலேயே மறுபடி பழுப்பாகும். மே மாத மதுரை வெயிலுக்கு இந்த ஒரு வேலையில் நன்றி சொன்னேன்.

டேங்கின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. பக்கத்து வெல்டிங் கடைப் பையன் “ஐந்து நிமிட வேலை” என்று எழுந்து வந்தான். பாய் அவனை அதட்டி உட்காரவைத்தார். காலியான பெட்ரோல் டேங்க் நிறைந்த டேங்கை விட அபாயமானது. திரவம் போனாலும் ஆவி உள்ளேயே இருக்கிறது, காற்றோடு கலந்து வெடிக்கத் தயாராக. எவ்வளவு கழுவினாலும் மடிப்புகளில் மிச்சம் இருக்கும். ரேடியேட்டர் வேலை செய்கிற ஒருவரிடம் கொடுத்து, ஓட்டை மேலே வரும்படி சாய்த்து உள்ளே தண்ணீர் நிரப்பி, தீச்சுடர் இல்லாமல் சூடேற்றிய செப்புக் கட்டியால் ஈயம் வைத்து அடைத்தோம். டேங்குக்குப் பக்கத்தில் வெல்டிங் சுடரைக் கொண்டுவர எவர் முயன்றாலும், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பம்ப் நிரபராதி என்று தெரிந்த பிறகும் அதன் டயாபிரத்தை மாற்றினோம். பழையது பிழைத்திருந்ததே ஆச்சரியம். டயாபிரம் கிழிந்தால் வண்டி நிற்பது மட்டுமில்லை, பெட்ரோல் என்ஜின் ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் நீர்த்து பேரிங்குகள் தேயும். ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பார்க்கும் பழக்கம் அதனால்தான் பழைய டிரைவர்களுக்கு உண்டு. மாட்டும்போது ஒரு நுணுக்கம். பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவே சூடு ஏறாமல் தடுக்கும் ஒரு தடித்த பேக்கலைட் துண்டும் பேக்கிங்கும் வரும். ஆயில் கசிகிறது என்று ஆளாளுக்கு ஒரு பேக்கிங்கைக் கூடுதலாகப் போட்டால் பம்ப் வெளியே தள்ளிப்போகும், நெம்பின் அசைவு குறையும், வரத்தும் குறையும். கசிவை நிறுத்தப்போய்ப் பெட்ரோலை நிறுத்திய வண்டிகள் உண்டு.

இத்தனை தொல்லை எதற்கு, மின்சார பம்ப் ஒன்றை மாட்டிவிடுங்கள் என்று பலரும் சொன்னார்கள். மாட்டலாம், நானும் அதற்கு எதிரியில்லை. ஆனால் இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்பை எடுத்து மாட்டக் கூடாது. இந்த கார்புரேட்டர் சதுர அங்குலத்துக்கு மூன்று பவுண்டு போன்ற மெல்லிய அழுத்தத்துக்குப் பழகியது. இன்ஜெக்‌ஷன் பம்ப் அதைப் போல் பத்து மடங்குக்கு மேல் தள்ளும். நீடில் வால்வால் அதைத் தடுக்க முடியாது, பெட்ரோல் பொங்கி என்ஜின் மேல் வழியும். குறைந்த அழுத்தப் பம்பாகவே பார்த்து டேங்க் அருகில் மாட்டினாலும், அதுவரை காற்றை உள்ளே இழுத்த அதே வெட்டு இப்போது பெட்ரோலை வெளியே தள்ளும். விபத்து நேர்ந்து என்ஜின் நின்றாலும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், தானாக நிறுத்தும் சுவிட்ச் வைக்காவிட்டால். பழுதைக் கண்டுபிடித்த பிறகு வசதிக்காக மாட்டுவது வேறு. பழுதை மூடி மறைப்பதற்காக மாட்டுவது வேறு.

ஷெட்டில் வேலை நடந்த நாட்களில் பாய் தன் குருநாதர் சொன்ன கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலே கிடைக்காமல் போனபோது மதுரைப் பக்கம் பஸ்கள் கரியில் ஓடினவாம். அது வெறும் கதையில்லை. 1912இலேயே மதுரையில் பஸ் விட்ட டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம், போர்க்காலத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கருவியைத் தயாரித்தது. அடுப்புக் கரியைப் போதாத காற்றில் எரித்து, அதில் வரும் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவை என்ஜினுக்கு அனுப்புவது அதன் வேலை. பலம் குறைவு, சாம்பலைத் தட்ட வேண்டும், கிளப்புவதற்கு முன் அடுப்பைப் பற்றவைத்துக் காத்திருக்க வேண்டும். நான் ஒரு முழ ஹோஸுக்குப் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் பாய் இதைச் சொன்னார். வேண்டுமென்றே சொல்லியிருப்பார்.

வெயில் விஷயம் தனி. வெளியே 40 டிகிரி அடிக்கும்போது பானெட்டுக்குள் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோலின் லேசான பாகங்கள் அந்தச் சூட்டிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு என்பதால் அங்கே இன்னும் சீக்கிரம். பம்ப் ஆவியைத் தள்ள முயன்று தோற்கும். அம்பாசடர் டாக்சிக்காரர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றியது மூடநம்பிக்கை இல்லை. துணியின் நீர் ஆவியாகும்போது பம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நாங்கள் செய்தது, குழாய் எக்ஸாஸ்ட் பக்கம் உரசாமல் விலக்கிக் கட்டியதும், தொலைந்துபோயிருந்த பேக்கலைட் துண்டைச் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வரவழைத்ததும்தான். உச்சி வெயிலில் நீண்ட ஓட்டத்துக்குப் பின் நிறுத்தி உடனே கிளப்பினால் இன்றும் சற்று முரண்டு பிடிக்கிறது. பானெட்டைத் திறந்துவைத்து ஒரு டீ குடித்தால் போதும். அதைக் குறை என்று நான் எண்ணுவதில்லை.

எல்லாம் முடிந்து, கடைசியாகத்தான் கார்புரேட்டரைத் திறந்தோம். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் காவி வண்டல். கிண்ணத்தில் மிதக்கும் ஃப்ளோட்டை வெந்நீரில் முக்கிப் பார்த்தோம். குமிழி வரவில்லை, ஓட்டையில்லை. நீடில் வால்வைப் புதிதாக மாற்றி, அதன் அடியில் வரும் வாஷரைப் பழைய தடிமனிலேயே வைத்தோம். அந்த வாஷரின் தடிமன்தான் கிண்ணத்தில் பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது; அதைக் குப்பையென்று எறிந்துவிடும் பட்டறைகளும் உண்டு. கம்பியால் குத்துப்பட்ட ஜெட்டை எறிந்துவிட்டு, மூல அளவை விட ஒரு படி பெரிய ஜெட்டைப் போட்டோம். பாய்க்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. என் காரணம் இது: ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதம் கலந்தால் கணக்கு பதின்மூன்றரை பக்கம் வருகிறது. அதே காற்றுக்கு எட்டு சதவீதம் போலக் கூடுதல் எரிபொருள் கேட்கிறது என்று பொருள். ஜெட்டில் ஒரு படி ஏற்றினால் ஏறக்குறைய அவ்வளவே கிடைக்கிறது. ஓட்டிப் பார்த்துப் பிளக்கைக் கழற்றியபோது நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தது. பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சரி, இருக்கட்டும்,” என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

கார் இப்போது கணவாயை மூன்றாவது கியரில் தொடங்கி, வளைவுகளில் இரண்டாவதுக்கு இறங்கி, நிற்காமல் ஏறுகிறது. டேங்குக்கும் பம்புக்கும் நடுவே ஒரே ஒரு கண்ணாடி ஃபில்டர் வைத்திருக்கிறோம். இன்னொன்றும் வைக்கலாமே என்றபோது, ஒவ்வொரு இணைப்பும் காற்று நுழைய ஒரு புது வாசல் என்று பாய் மறுத்துவிட்டார். அந்த ஃபில்டர் பாதி காலியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஓடும்போது பெரும்பாலும் அப்படித்தான் தெரியும்.

ஹோஸ் மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் ஒரு தாளில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும், மாற்றிவிடுவது என்று முடிவு. வெளி வீதியில் நான் வாங்கும் கடையில் ஆர்9 ஹோஸ் எப்போதும் இருப்பதில்லை, முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சித்திரைத் திருவிழா தொடங்கிவிட்டால் அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தவே இடம் கிடைக்காது என்பதால், பங்குனியிலேயே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.